முன்னால் போன எலும்பு

இங்கிலாந்தின் வடபகுதியில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் என்னுடைய நாள் ஒரு பேனையுடன் தொடங்குகிறது. தடித்த கறுப்பு மைப்பேனை. இடுப்பு மூட்டு மாற்றக் காத்திருப்பவரின் கட்டிலடிக்குப் போய், எந்தப் பக்கம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, அந்தத் தொடையில் ஓர் அம்புக்குறி போட வேண்டும். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், சுவரில் தொங்கும் எக்ஸ்ரே படத்துக்கும் தெரியும். என்றாலும் கேட்க வேண்டும் என்பது சட்டம். வந்த புதிதில், என் வாப்பாவின் வயதுள்ள மனிதர்களின் தொடையில் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கீறுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அது பழகிவிட்டது. இன்னும் சரியாகப் பழகாதது அதற்கு அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்விதான். வெட்டி எடுக்கும் எலும்பை நீங்கள் தானம் செய்ய விரும்புகிறீர்களா?

இடுப்பு மூட்டை மாற்றும்போது தொடை எலும்பின் உருண்டைத் தலையை அறுத்து எடுக்கிறோம். ஒரு பெரிய தேசிக்காய், எலுமிச்சம்பழம், அளவு இருக்கும். இங்கே அதை வீசுவதில்லை. பரிசோதித்து, பெயருக்குப் பதிலாக இலக்கம் ஒட்டி, உறையவைத்து, எலும்பு வங்கி என்ற ஒன்றில் வைத்திருக்கிறார்கள். பிறகு எங்கோ முன்பின் தெரியாத ஒருவரின் எலும்பில் பள்ளம் விழுந்தால் அதை அரைத்து நிரப்புவார்கள். பெரும்பாலானவர்கள் உடனே சம்மதித்துவிடுவார்கள். "எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு அது ஒரு நாளும் நன்மை செய்ததில்லை" என்று ஒரு கிழவி சொன்னார். அவர்கள் அந்தக் கேள்விக்குச் செலவழிக்கும் நேரம், தேநீருக்குப் பால் வேண்டுமா என்ற கேள்விக்குச் செலவழிக்கும் நேரத்தைவிடக் குறைவு.

என் முதல் வருடத்தில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் முடியாது என்றார். எலும்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். கடல் கடந்து வந்த இடத்திலும் நம்மைப் போல ஒரு மனிதர் இருக்கிறாரே என்று எண்ணி, கட்டில் ஓரத்தில் அமர்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டேன்: "உங்கள் குடும்பத்துக்கு மயானத்தில் இடம் ஏதும் இருக்கிறதா?" மனிதரின் முகம் வெளிறிவிட்டது. மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்து, "டொக்டர், நேற்று எடுத்த இரத்தத்தில் ஏதும் கண்டீர்களா?" என்றார். தாதி என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய், அவர் எலும்பைக் கணப்படுப்புக்கு மேலே வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டப் போகிறார் என்று விளக்கினார். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் நோயாளியிடம் புதைகுழி விசாரித்த வைத்தியர் என்று சில மாதங்களுக்கு என் பெயர் அந்த மாடி முழுக்க அடிபட்டது. அந்த மனிதர் நன்றாகவே குணமானார். கிளினிக்கில் காணும்போதெல்லாம் கையை உயர்த்தி, "இன்னும் சாகவில்லை" என்று அறிக்கை தந்துவிட்டுப் போவார்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று, இலங்கையில் நான் வளர்ந்த புத்தளத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மனித உடம்பிலிருந்து எது வேறானாலும் அதை மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். நான் பயிற்சி வைத்தியனாக இருந்த காலத்தில், சீனி வருத்தத்தால் அழுகிய கால்விரலை எடுக்கும்போதுகூட, சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியோடு உறவுக்காரர் யாராவது நிற்பார். தொழுகை இல்லை, அறிவிப்பு இல்லை. துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோய் ஒரு சின்னக் குழி தோண்டி வைத்துவிட்டு வருவார்கள். மையத்தை, இறந்தவரின் உடலை, எப்படிப் பிந்தவிடக் கூடாதோ, அப்படியே இதையும் பிந்தவிடக் கூடாது. ஒரு தடவை, வெட்டி எடுத்த விரலைத் தாதி ஒருவர் தவறுதலாகக் கழிவோடு அனுப்பிவிட, அந்த மனிதரின் மகன் குப்பை எரிக்கும் இடத்தின் முன்னால் பொழுது சாயும்வரை நின்றான். அவனை யாரும் பைத்தியக்காரன் என்று சொல்லவில்லை.

என் வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மன்னாருக்குத் தெற்கே கடலோரமாக ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மழை பெய்தால் வயல், பெய்யாவிட்டால் கடல் என்று இருந்தவர். எனக்கு ஏழு வயதில் உம்மா காய்ச்சலில் மௌத்தானார். ஊர் மையவாடியில் அடக்கினோம். அடுத்த வருடம், தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஆயுத இயக்கத்தார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினோம். அந்தப் பயணத்தைப் பற்றி உருக்கமாக எழுதச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் நினைவிருப்பது வாந்தி எடுத்தது மட்டும்தான். கரையில் யாரோ ஒருவர் என் கையில் ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணியும் தந்தார், அதையும் சத்தி எடுத்தேன். பிறகு கிடுகுக் கொட்டில், தண்ணீர் பவுசருக்கு வரிசை, உப்பளத்தில் வாப்பாவுக்குக் கூலி வேலை. நான் படித்தேன், கொழும்புக்குப் போனேன், எலும்பு வைத்தியத்தில் விழுந்தேன், பிறகு பரீட்சை எழுதி இங்கே வந்தேன். சுத்தியலும் அறுப்பு வாளும் துளைகருவியும் பிடிக்கும் வேலை என்று நான் விளக்கியபோது வாப்பா, "அப்ப இவ்வளவும் படிச்சி ஓடாவியாகி இருக்கிறாய்" என்றார். தச்சு வேலைக்காரர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். என் தொழிலைப் பற்றி அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு இங்குள்ள தமிழ் ஆட்கள் ஒரே சொல்லில் பதில் சொல்வதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். புத்தளத்தில் எங்களை மன்னார் அகதி என்பார்கள். மன்னாருக்குப் போனால் புத்தளத்தார் என்பார்கள். இங்கே ஒரு நோயாளி, "நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவி, அது நாகரிகமில்லாத கேள்வி என்று அவரைக் கடிந்துகொண்டாள். எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. புத்தளத்திலும் அதைத்தான் கேட்டார்கள், அங்கே கடிந்துகொள்ள ஒரு மாணவி இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போர் முடிந்த பிறகு வாப்பாவின் காணியில் ஒரு சின்னக் கல்வீடு கட்டிக் கிடைத்தது. நேர்கோட்டில் பார்த்தால் ஊர் தூரமில்லை. ஆனால் காட்டுக்குள்ளால் போகும் பாதை மூடிக் கிடப்பதால் அநுராதபுரம் சுற்றி பஸ் மாறி மாறித்தான் போக வேண்டும். வாப்பா போவார், வீட்டைக் கூட்டுவார், உம்மாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். நிரந்தரமாகப் போய் இருக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குள் இடது இடுப்பு தேயத் தொடங்கியது. "இடுப்பு சரியாகட்டும், பாப்பம்" என்பது எங்கள் வீட்டு வழக்காகிவிட்டது. என் மூத்தவளான ராத்தா, புத்தளம் பக்கத்துக் கனமூலையைச் சேர்ந்த ஒருவரை மணமுடித்து அங்கேயே பிள்ளைகுட்டிகளோடு இருப்பவள். வாப்பா அவளோடுதான் இருந்தார். அவரை ஊருக்கு அனுப்ப அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. எனக்கும் அவர் ராத்தாவோடு இருப்பதுதான் வசதி. தூரத்திலிருந்து கவலைப்படுவதற்கும் ஒரு ஒழுங்கான முகவரி வேண்டும். போவதா இருப்பதா என்று வாப்பா முடிவெடுக்கத் தேவையில்லாமல், போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லாமல், அந்த இடுப்பு நோவு எல்லோருக்கும் உதவி செய்துகொண்டிருந்தது. இதை நான் இங்கும் பார்த்திருக்கிறேன். மூட்டை மாற்றியதும் சிலர் வாடிப்போவார்கள். பிறகு விசாரித்தால், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் தம்பியின் வீட்டுக்குப் போகாமல் இருக்க இனிச் சாட்டு இல்லை என்பது போல ஏதாவது ஒன்று இருக்கும்.

ஊரான்களின் இடுப்பையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கும் மகனின் வாப்பா ஊன்றுகோலோடு திரிகிறார் என்று கனமூலையில் கதை வந்தது. அதற்கெல்லாம் அவர் மசியவில்லை. ஒரு நாள் அவரே தொலைபேசியில் எடுத்தார். "பஸ் ஏற ஏலாமக் கிடக்கு மகன். மிதிபலகைக்குக் கால் எழும்புதில்ல. செய்வம்." இங்கே நோயாளிகளின் முன்னேற்றத்தை அளக்க வரிசையாகச் சில கேள்விகள் உண்டு. பழக்கதோசத்தில் முதலாவதைக் கேட்டுவிட்டேன்: "சொக்ஸ் போட முடியுதா வாப்பா?" "உப்பளத்துல ஆர் மகன் சொக்ஸ் போட்டது?" என்றார். பிறகு நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்வி வந்தது.

"அறுக்கிற எலும்ப என்ன செய்வீங்க?"

"கேட்டா தருவாங்க வாப்பா. வாங்கி அடக்கலாம்."

"அத ஊருக்குக் கொண்டு போகணும். உம்மாக்குப் பக்கத்துல வைக்கணும். நான் பொறகு வருவன் எண்டு அது முன்னுக்குப் போய்ச் சொல்லட்டும்."

இதை நான் ராத்தாவுக்குச் சொன்னேன். அவள் அழுதாள். "எலும்பு போனா ஆளும் போயிடுவார் தம்பி" என்றாள். அவள் சொன்னது சரி. வாப்பா எலும்பைப் பற்றிப் பேசவில்லை, தான் போவதைப் பற்றித்தான் பேசினார். முப்பது வருடத்துக்கு மேலாக இழுபட்ட ஒரு விடயத்தை இந்தச் சத்திரசிகிச்சை முடித்துவைக்கப் போகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. ராத்தா அதைத் தன் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

சிலாபத்துக்குத் தெற்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், என்னோடு கொழும்பில் படித்த ஒரு சிங்கள நண்பர் சத்திரசிகிச்சை செய்தார். சொந்த வாப்பாவை வெட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி, நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். முதலில் நண்பர் வந்து எந்தப் பக்கம் என்று சிங்களத்தில் கேட்டு அம்புக்குறி போட்டார். வாப்பா தன் தொடையைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் தமிழில், "இவ்வளவு படிச்சவங்களுக்கும் இது வேணுமோ?" என்றார். தியேட்டரில் நான் பார்த்தது இதுதான்: உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி இருந்தது. வழுவழுப்பான குருத்தெலும்பு முழுக்கப் போய், எலும்பு எலும்போடு உரசி, தந்தம் போலப் பளபளத்தது. இப்படியானவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது உப்பளம், இது வள்ளம் என்றெல்லாம் அந்த நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேய்மானம் படத்தில் தெரிந்ததைவிட அதிகம் என்று மட்டும் நினைத்தேன்.

எலும்பைத் தாதி கழுவி, ஒரு பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, வாசலுக்குக் கொண்டுபோனார். ராத்தா ளுஹர் தொழப் போயிருந்தாள். வெளியே கதிரையில் இருந்தவர் அவள் புருசன், என் மச்சான் றமீஸ். தேங்காய் ஏற்றும் ஒரு சின்ன லொறி வைத்திருப்பவர். "மேக்க கெனியனவாத?" என்று தாதி கேட்டிருக்கிறார். இதைக் கொண்டுபோகிறீர்களா என்று அர்த்தம். மச்சான் ஓம் என்று சிங்களத்தில் சொல்லிப் போத்தலை இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறார். நான் வெளியே வந்தபோது அவரைக் காணவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். பின்னேரம் திரும்பி வந்தார். சாரன் விளிம்பில் மணல். முகத்தில், பொறுப்பான வேலையொன்றைப் பிழையில்லாமல் முடித்துவிட்டு வந்த ஆளின் நிம்மதி.

"எல்லாம் சரி மச்சான். அசர் தொழுகைக்கு முன்னுக்கு அடக்கிட்டன்" என்றார்.

ராத்தா அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்குக் குழப்பம். "பிந்தப்படாதெல்லா?" என்றார். ஒரு நல்ல மருமகன் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்திருந்தார். கையில் கிடைத்ததைத் தாமதிக்காமல், யாரையும் எதிர்பார்க்காமல், வெள்ளைத் துணி வாங்கிச் சுற்றி, தன் ஊர் மையவாடியில் வைத்துவிட்டு வந்திருந்தார். ராத்தா மெதுவாக விடயத்தைச் சொன்னதும் மனிதர் எழுந்துபோய் லொறிக்குள் இருந்துகொண்டார். அங்கிருந்தே மௌலவி ஒருவருக்குப் பேசிக் கேட்டிருக்கிறார். வைத்தது வைத்ததுதான், அவசியமில்லாமல் தோண்டக் கூடாது என்று பதில் வந்ததாம். வேறு பதில் வரும் என்று நானும் நினைக்கவில்லை. அவர்கள் அந்த இரவு வீட்டுக்குப் போகும்போது ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். துக்கத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. எலும்பு இங்கேதான் கிடக்கிறது, இனி ஆள் எங்கே போவார் என்ற ஆறுதல்.

அடுத்த நாள் காலை வாப்பாவை எழுப்பி, நான்கு கால் தாங்கியைப் பிடிக்கவைத்து, கட்டிலிலிருந்து யன்னல்வரை நடத்தினார்கள். யன்னலடியில் நின்றபடியே, "எலும்பு எங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்துவிட்டார்.

"மாமா, எனக்கு ஒண்டும் தெரியா. நான் கனமூலையில அடக்கிட்டன்."

வாப்பா திரும்பவில்லை. விழுந்துவிடுவாரோ என்று நான் இடுப்பில் கைவைத்தேன், அவர் தட்டிவிட்டார். பிறகு, "எந்த எடத்துல?" என்றார்.

"எங்கட வாப்பாக்குப் பக்கத்துல மாமா. வலப் பக்கம்."

அப்போதுதான் வாப்பா மெல்லத் திரும்பி மருமகனைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அன்றைக்கு அந்தக் கதை அதோடு முடிந்தது.

அந்தப் பார்வைக்கு எனக்குக் காரணம் விளங்கியது விமானத்தில் திரும்பி வரும்போதுதான். நாங்கள் வந்த முதல் வருடம், கொட்டிலில் பக்கத்துக் குடும்பத்தின் குழந்தையொன்று வயிற்றோட்டத்தில் மௌத்தானது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் மையவாடியில், வேலி ஓரமாக எங்களுக்கென்று கொஞ்சம் இடம் விட்டுத் தந்தார்கள். திடீரென்று வந்து குவிந்த சனத்துக்கு அப்படி இடம் கொடுத்தது பெரிய மனதுதான், அதில் சந்தேகமில்லை. குழி தோண்டியவர்களில் வாப்பாவும் ஒருவர். அன்று பின்னேரம் கை கழுவும்போது, "ஓரத்துல எண்டாலும் தந்தாங்க" என்று சொன்னார். அப்போது எனக்கு எட்டு வயது. அந்தச் சொல்லை ஏன் இத்தனை காலம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. மச்சான் ஓரத்தைத் தேடவில்லை. தன் சொந்த வாப்பாவின் பக்கத்தில் தோண்டியிருக்கிறார், அதுவும் எந்த யோசனையும் இல்லாமல்.

நோன்புப் பெருநாளை ஒட்டி மறுபடியும் போனேன். வாப்பா ஊன்றுகோலை விட்டுவிட்டார். போவதா இருப்பதா என்று அவர் இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ராத்தா மட்டும் என்னிடம் இரகசியமாக, "இப்ப போற கதையே இல்ல தம்பி" என்று சந்தோசப்பட்டாள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பா என்னை லொறியில் ஏறச் சொன்னார். மச்சான் ஓட்டினார். மையவாடி வாசலில் லொறியை நிறுத்திவிட்டு மச்சான் இறங்காமல் இருந்துகொண்டார். வாப்பா முன்னால் நடந்தார். நான் நோயாளிகளைப் பார்ப்பது போலவே பின்னாலிருந்து அவர் நடையைப் பார்த்துக்கொண்டு போனேன். தோள் இரண்டும் ஒரே மட்டம். இடது கால் தயங்காமல் மணலில் இறங்கி எழும்பியது. என் நண்பர் நல்ல வேலைக்காரர். சப்பாத்துக்குள் மணல் போய் நான்தான் பின்தங்கினேன்.

மச்சானின் வாப்பாவுடைய புதைகுழியில் நட்ட மீசான் கட்டைக்கு வலப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. வாப்பா எல்லோருக்குமாக ஸலாம் சொன்னார். பிறகு, ஒரு மேசனுக்கு அறையின் அளவைக் காட்டுவது போல, கையை நீட்டிக் காட்டினார்.

"இதுக்கு ஒட்டினாப் போல எனக்கு இடம் கேட்டிருக்கன். மருமகன் ஓம் எண்டிட்டான். பள்ளிவாசலப் பாக்கிற மரைக்காரும், பாப்பம், அல்லாஹ் நாடினா எண்டார்."

அப்படியென்றால் ராத்தாதான் வென்றாள் என்று நினைத்தேன். "அப்ப ஊருக்குப் போகல்லையா வாப்பா?"

"ஏன் போகாம? பெருநாள் முடியப் போறன். இனி அங்கதான்."

எனக்கு விளங்கவில்லை. புலம்பெயர்ந்தவர்களின் கதைகளை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வாழ்வது எங்கேயானாலும் கடைசியில் ஊருக்குக் கொண்டுபோய் அடக்க வேண்டும் என்பார்கள். அதற்காகவே இங்குள்ள விமானங்களில் பெட்டிகள் போகின்றன. இவர் தலைகீழாகச் சொல்கிறார். "அங்க இருந்திட்டு இங்க அடங்குறதா? எல்லாரும் சாகத்தானே ஊருக்குப் போவாங்க" என்றேன்.

"சாகிறதுக்கு ஆள் வேணும் மகன். அங்க இப்ப ஜனாஸாத் தொழுகைக்கு ஒரு சஃப் வரிசை நிறையாது. இங்க இத்தின வருசம் சனத்தோட இருந்திருக்கன், ஆரும் வராம விட மாட்டாங்க. இருக்கிறதுக்கு நான் ஒராள் போதும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "உம்மாக்கு ஸலாம் சொல்லுறதெண்டா உசிரோட போகணும். மையத்தாப் போனா ரெண்டு பேரும் சும்மா பக்கத்துப் பக்கத்துல கிடப்பம். கதைக்க ஏலுமா?"

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு இரண்டு ஊர் இருந்தது. ஒன்றில் வாழவும் மற்றதில் அடங்கவும் அவர் பிரித்துவிட்டார். யாருடைய யோசனையும் கேட்கவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. வெளியே போகத் திரும்பியவர், வெள்ளைக் கல்லிலிருந்து தனக்கென்று காட்டிய இடத்தைத் தாண்டி, அதற்கு அப்பால் கிடந்த வெறும் மணலைப் பார்த்தார்.

"அந்தப் பக்கமும் இன்னும் ஒராளுக்கு வெறுமையாத்தான் கிடக்கு" என்றார். "நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

என்னைப் பார்க்காமல் லொறியை நோக்கி நடந்தார்.

பெருநாள் முடிந்த கையோடு வாப்பா போய்விட்டார். பஸ்ஸில் ஏறும்போது மிதிபலகையில் இடது காலை முதலில் வைத்து ஏறிக் காட்டினார், நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். ராத்தா இடியப்பமும் கருவாட்டுப் பொரியலும் பொதி கட்டிக் கொடுத்தாள், கோபத்தோடுதான். "மௌத்தான பொறகுதான் வாப்பா எனக்கா?" என்று பஸ் போன பிறகு கேட்டாள். அந்தக் கேள்விக்கு நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். வாப்பா மாதத்துக்கு ஒரு தடவை அநுராதபுரம் சுற்றி அவளிடம் வந்துவிட்டுப் போகிறார். வரும்போதெல்லாம் மையவாடிக்கும் போகிறார். தன் எலும்புக்கே தான் ஸலாம் சொல்லும் ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும் என்று மச்சான் சிரிப்பார்.

இங்கே எங்கள் பள்ளிவாசலில் அடக்கத்துக்கென்று ஒரு சங்கம் உண்டு. என் மனைவி எங்கள் இருவரின் பெயரையும் அதில் போட்டுவிட்டாள். அவளுடைய ஊர் பர்மிங்காம், அவளுக்கு இதில் குழப்பமில்லை. அந்த மயானத்தை ஒரு தரம் போய்ப் பார்த்தேன். ஒழுங்காக வெட்டிய புல், வரிசை வரிசையாக இலக்கம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் நிலம் இறுகிவிடுவதால் இயந்திரத்தால் தோண்டுவார்களாம். வாப்பா பார்த்தால், நல்ல இடம் என்றுதான் சொல்வார். பிறகு, ஜனாஸாவுக்கு எத்தனை சஃப் வரும் என்று கேட்பார். அதை நான் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

கனமூலையில் ஜும்ஆ முடியும் நேரம் இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போன வெள்ளிக்கிழமை நான் பேனையை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போகும் வழியில் மச்சான் எடுத்தார். மாமா வந்திருக்கிறார், நல்ல சுகம், இப்போதுதான் மையவாடிக்குப் போய்விட்டு வந்தோம் என்றார். தேங்காய் விலை இறங்கியது பற்றியும் லொறியின் டயர் பற்றியும் கதைத்தார். பிறகு நான் கேட்காமலே, "மாமா காட்டின அந்தப் பக்கம் இன்னும் அப்படியேதான் கிடக்கு மச்சான்" என்றார். எனக்குத் தியேட்டருக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதல் கட்டிலில் ஒரு கிழவர் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். காலை வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, பேனையின் மூடியைக் கழற்றினேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் வலது தொடையில் கையை வைத்தார்.